பாலத்துக்கு அந்தப் பக்கம்

மார்ச் மாதத்துச் சனிக்கிழமை காலை. ஹெஸ்டர் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தபோது, முன்பின் தெரியாத ஒருவன் வாசற்கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தான். தலையெல்லாம் மழை.

“டிக்கெட் எங்க எடுக்கணும்?”

“எதுக்கு?”

“மியூசியம் பார்க்க.”

“மியூசியம் பக்கத்து வீடு. இது என் சமையலறை!”

அவன் திடுக்கிட்டான். “ஐயோ... அந்தக் காலத்து வீட்டம்மா மாதிரி யாரையோ வேஷம் போட்டு நிறுத்தியிருக்காங்கன்னு நெனச்சேன்.”

“என்னைப் பார்த்தா அப்படியா இருக்கு?”

“இல்லல்ல... கோவம் மட்டும்தான் அந்தக் காலத்துது.”

அவள் திட்டத்தான் வாயெடுத்தாள். ஆனால் அந்தப் பழுப்புக் கண்கள்... இமையோரம் தங்கிய மழைத்துளிகள்... சிரிப்பு வந்துவிட்டது.

அவன் பெயர் டெஸ்மண்ட். க்ளாஸ்டர் நகரத்திலிருந்து சுற்றுலா பஸ் ஓட்டி வருபவன். அதன்பின் ஒவ்வொரு சனிக்கிழமையும், பயணிகள் தேவாலயத்தையும் நெசவாளர் வீடுகளையும் படம் பிடிக்கும் ஒரு மணி நேரம், அவன் ஹெஸ்டரின் தோட்டச் சுவரில் சாய்ந்து பேசிக்கொண்டிருப்பான். அந்த ஊருக்குத் தபால் கொடுக்கும் ஹெஸ்டருக்கு முப்பத்து நான்கு வயது. யாருக்காகவும் தலைசீவிக் காத்திருந்ததில்லை. இப்போது காத்திருந்தாள்.

ஜூன் மாதம், தேவாலய வாசலில் அறிவிப்பு ஒட்டினார்கள். ஊர்ப் பாலத்தில் பெரிய பஸ்கள் போகக் கூடாது என்று ஊரார் கொடுத்த மனு. டெஸ்மண்ட் அதைப் படித்துவிட்டு நேரே வந்தான்.

“முதல் கையெழுத்தே உங்களோடதா?”

“அது ஜனவரியில போட்டது. அப்போ உங்களை எனக்குத் தெரியாது.”

“இப்போ தெரியுமே! வாபஸ் வாங்கிடுங்களேன்.”

“எனக்கு உங்களைத் தெரியும்ங்கறதுக்காக, பாலம் உங்க பஸ்ஸைத் தாங்கிடுமா?”

“தாங்காட்டி போகட்டும். நான் வராம போனா உங்களுக்கு ஒண்ணுமே இல்லையா?”

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்... தொண்டை வரை வந்தது. வீம்பு விடவில்லை. “அது உங்க இஷ்டம்” என்றாள். அவன் திரும்பிப் பார்க்காமல் போனான்.

தடை உத்தரவு வந்தது. பஸ்கள் இரண்டு மைல் தள்ளி நின்றன. பயணிகள் நடந்து வந்தார்கள். அவன் வரவில்லை. வேறு வழித்தடம் கேட்டு வாங்கிக்கொண்டானாம்.

அவன் வராத ஐந்தாவது சனிக்கிழமை ஹெஸ்டர் க்ளாஸ்டருக்கு பஸ் ஏறினாள். பஸ் பணிமனையில் அவன் முன்கண்ணாடியைக் கழுவிக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் குழாயை மூட மறந்தான். தண்ணீர் இருவர் காலையும் நனைத்தது.

“மன்னிப்புக் கேக்க வரல” என்றாள் படபடப்பாக. “பாலம் விஷயத்துல நான் செஞ்சது சரிதான்.”

“தெரியும். பாலத்தோட வளைவுல விரிசல் விட்டிருக்கறதை நானே பார்த்திருக்கேன்... ஒத்துக்கத்தான் மனசு வரல.” குழாயை மூடினான். “அப்போ எதுக்கு வந்தீங்க?”

“நீங்க வராட்டி எனக்கு ஒண்ணுமே இல்லையான்னு கேட்டீங்களே...” அவள் குரல் தாழ்ந்தது. “இருக்கு. நிறைய இருக்கு, டெஸ்மண்ட். உங்களை எனக்குப் பிடிச்சுப்போச்சு. அன்னிக்கே சொல்லியிருக்கணும்.”

அவன் ஈரக் கையைச் சட்டையில் துடைத்துவிட்டு, அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

“எனக்கு உங்களை மார்ச் மாசத்துலேர்ந்தே பிடிக்கும்” என்றான்.