வாசலை மாற்றிய வீடு

பேருந்து என்னை இறக்கிவிட்ட இடத்தில் ஒரு கல் பாலமும் அதன்மேல் உட்கார்ந்திருந்த ஒரு மனிதரும் மட்டுமே இருந்தார்கள். செம்மறி வளர்ப்பவர். நான் ஒரு மாதம் தங்கவிருந்தது அவர் வீட்டில்தான். அந்த நாட்டு மொழியை மாலை வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன். கிராமத்துக் குடும்பத்தோடு இருந்தால்தான் நாக்கு திருந்தும் என்று ஆசிரியை அனுப்பிவைத்தார். மனப்பாடம் செய்திருந்த வணக்கத்தை ஒப்பித்தேன்.

"நல்லாத்தான் பேசுறம்மா. முதல்ல ஆடுங்ககிட்ட பேசிப் பழகு. அதுங்க சிரிக்காது" என்றார்.

அவர்கள் பேசியதை எனக்குப் புரிந்த அளவில் நம் பேச்சில் எழுதுகிறேன். பிழை இருந்தால் என்னுடையது.

வீட்டில் அவரும் அவர் மனைவியும்தான். அந்த அம்மாள் அதிகம் பேசுவதில்லை. என் ஈரக் காலுறையை அடுப்பருகே உலர்த்தி, மறுநாள் காலையில் மடித்து என் கையில் கொடுப்பார். எனக்குக் கிடைத்தது மலைச்சரிவைப் பார்த்த அறை. கட்டிலை ஒட்டிய கல் சுவரில் ஓர் ஆள் உயரத்துக்குச் செங்கல் வைத்து அடைத்திருந்தது, சுண்ணாம்பையும் மீறித் தெரிந்தது.

அந்த வீட்டில் ஒரு முறை உண்டு. மலையிலிருந்து மூடுபனி இறங்கினால், வீட்டில் இருப்பவர் வாசலில் தொங்கும் தண்டவாளத் துண்டைச் சுத்தியலால் அடிக்க வேண்டும். மேய்ச்சலுக்குப் போனவர்கள் அந்த ஓசையைப் பிடித்துக்கொண்டு திரும்புவார்கள்.

ஒரு பிற்பகல் பனி இறங்கியது. அம்மாள் அடித்தார். ஆடுகள் வந்தன, நாய் வந்தது, அவரும் வந்தார். பட்டியை அடைத்த பிறகும் ஓசை நிற்கவில்லை. எல்லாரும் வந்தாயிற்றே என்று அப்பாவியாகக் கேட்டுவிட்டேன். கணவர் என்னைக் கொட்டகைக்கு அழைத்துப் போய், வைக்கோலைப் பிரித்துக்கொண்டே சொன்னார்.

அவர்களுக்கு ஒரு மகள் இருந்தாள். 'வாலு' என்றுதான் கூப்பிடுவார்களாம். மூன்று வருடங்களுக்கு முன் இப்படி ஒரு பனியில் ஆட்டுக்குட்டியைத் தேடிப் போனாள். தாய் கை கொப்பளிக்கும்வரை இரும்பை அடித்தாள். மறுநாள் ஓடைக்குக் கீழே மகளைக் கண்டெடுத்தார்கள். அதன்பின் தாய் சரிவைப் பார்த்த அந்த வாசலிலேயே பித்துப் பிடித்தவள்போல உட்கார்ந்துவிட்டாள். பார்க்கப் பொறுக்காமல் இவர் அந்த வாசலை அடைத்து, மறுபக்கம் வேறு வாசல் வைத்தார். பழைய வாசல் நடை என் அறையானது. வெளியாட்கள் வந்து தங்கினால் வீட்டில் பேச்சுச் சத்தமாவது இருக்கும் என்று நினைத்தார்.

நான் அறைக்குத் திரும்பினேன். ஜன்னல் முழுக்க வெள்ளை. மறுபக்கத்திலிருந்து இரும்போசை வந்தது.

பிறகு இன்னொரு சத்தம்.

சேற்றில் புதைந்து எழும் சின்னக் காலடிகள். சுவரருகே வந்து நின்றன. ஈரக் கம்பளி வாடை. வெளியே ஒரு கை செங்கல்லைத் தடவியது. என் இடுப்பு உயரத்தில்.

தாழ்ப்பாளைத் தேடுவதுபோல.

ஆடாக இருக்கலாம் என்று என் நோட்டில் எழுதினேன். அடித்துவிட்டு, ஆடு சுவரைத் தடவாது என்று எழுதினேன். அதையும் அடித்தேன். அரைகுறை மொழியோடு வந்தவள், அரைகுறையாகக் கேட்ட துக்கத்தைப் பெரிதாக்கிக்கொள்கிறேனோ?

அடுத்து பனி இறங்கிய மதியம் நானே வெளியே போய், அந்தச் சுவருக்கு எதிரே கை நீட்டினால் தொடும் தூரத்தில் நின்றேன்.

எனக்கும் சுவருக்கும் நடுவில் யாரும் இல்லை.

தடவும் சத்தம் அங்கிருந்துதான் வந்தது.

அதோடு ஒரு மூச்சு. வழி தெரியாத பிள்ளை, அழுதால் திட்டு விழுமோ என்று அழுகையை விழுங்கும் மூச்சு. குளிர்ந்து ஈரமான ஏதோ ஒன்று என் மணிக்கட்டை உரசியது. பயந்தேன். ஆனால் அழ வேண்டும் போலத்தான் இருந்தது.

சொல்வதா, வேண்டாமா? என் கற்பனையாக இருந்தால் அந்தத் தாயை இரண்டாம் முறை கொன்றவளாவேன். உண்மையாக இருந்து நான் வாய் மூடியிருந்தால், அந்தப் பிள்ளை வெளியிலேயே நிற்கும்.

சுற்றிக்கொண்டு புது வாசலுக்குப் போனேன். "அம்மா, அவ வர்றா. பழைய வாசலுக்கு வர்றா" என்றேன்.

சுத்தியல் நின்றது. அந்த அம்மாள் என்னைப் பார்க்கவில்லை, கணவரைப் பார்த்தார்.

"மூணு வருஷமா கூப்பிடுறேன். வாசலை அடைச்சு வச்சுட்டுக் கூப்பிட்டிருக்கேன்."

"நீ சாப்பிடாம கொள்ளாம அங்கயே கெடந்தே. உன்னையும் இழந்துடுவேன்னு பயந்துட்டேன்."

 அவர் கடப்பாரையை எடுத்துவந்தார். கட்டிலை நகர்த்தினோம். முதல் செங்கல் விழுந்ததும் பனி உள்ளே புகுந்தது. கடைசிச் செங்கல் விழுந்தபோது எங்கள் முகமே எங்களுக்குத் தெரியவில்லை.

"வா" என்றார் தாய். ஒரே ஒரு தரம்.

காத்திருந்தோம்.

காலடி இல்லை. மூச்சு இல்லை. மெல்லப் பனி விலகி, சரிவும் ஓடையும் வெறுமையாகத் தெரிந்தன. இடிந்த சுவரையும், முகத்தைத் துடைக்காமல் நின்ற மனிதரையும் பார்க்க எனக்குக் கூசியது. மன்னிப்புக் கேட்கும் சொல்லை அவர்கள் மொழியில் தேடினேன். படித்ததெல்லாம் மறந்துபோயிருந்தது.

அப்போது அந்த அம்மாள் திரும்பினார். கட்டில் அருகே போய், மெத்தைமேல் கையை வைத்தார். கையை எடுக்கவில்லை. பிறகு காலடியில் கிடந்த போர்வையை இழுத்து, ஒன்றுமில்லாத இடத்தின் மேல் பதமாகப் போர்த்தினார்.

"இன்னைக்கு நீ அடுப்பாண்ட படுத்துக்கம்மா" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். "ரொம்ப தூரம் நடந்திருக்கா. தூங்கட்டும்."

தாயின் மனம் என்று நினைத்துக்கொண்டேன். பாவம், வேறென்ன செய்வார். என் பையை எடுக்கக் குனிந்தேன். பக்கத்தில் அவர் கணவர், சத்தம் வராமல், தன் கனத்த காலணிகளைக் கழற்றிக்கொண்டிருந்தார். அவர் கண் போன இடத்தை நானும் பார்த்தேன்.

போர்வை மெல்ல உயர்ந்தது.

தாழ்ந்தது.

மறுபடி உயர்ந்தது.