பாலத்து அரக்கனை வெல்வது எப்படி?

மழைக்கு ஒதுங்க அவள் அந்த ரிப்பேர் கடையின் கதவைத் தள்ளினாள். அதே நொடியில் உள்ளிருந்து அவன் இழுத்தான். தடுமாறி விழப்போனாள்... அவன் தன் கையிலிருந்த பழைய வீடியோ கேம் பெட்டியைத்தான் இறுகப் பிடித்தான், அவளை அல்ல.

"நல்ல மனுஷன்!"

"நீங்க விழுந்தா எழுந்துக்குவீங்க. இதுக்கு இப்ப பார்ட்ஸ் கிடைக்காதுங்க."

கண்ணாடிக் கடையில் நாள் முழுக்கப் பிறர் கண்களைப் பரிசோதிப்பவள் அவள். ஆனால் இந்த மெக்கானிக்கின் கண்கள்... உதடு சிரிக்குமுன் சிரித்துவிடும் கண்கள்... அவளே பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள்.

தாழ்ந்த பார்வையில் அந்தப் பெட்டி பட்டது. அட, அப்பாவின் அறையில் இருப்பதும் இதுவேதான்!

அப்பா ஓய்வுபெற்ற நீதிபதி. மதியம் கதவைச் சாத்திக்கொண்டு, திரையில் வாளேந்திய வீரனாகக் காடு மலையெல்லாம் அலைகிறவர். வெளியே தெரிந்தால் என்ன ஆகும்? பெரியவரின் மதிப்பைக் காப்பது குடும்பத்தின் கடமை. ஆகவே தானே ஆடுவதுபோல் கேட்டாள்.

"அந்த வாள் வீரன் கேம்ல, பாலத்துல ஒரு அரக்கன் நிக்கிறான். எவ்வளவு அடிச்சாலும் சாக மாட்டேங்கிறான்."

"ஏன் அடிக்கிறீங்க? முதல்ல ஊருக்குள்ள போய் எல்லார்கிட்டயும் ரெண்டு தடவை பேசுங்க. முதல் தடவை சும்மா மழையைப் பத்திதான் சொல்வாங்க. பழைய கேம் மேப் தராது, கட்டம் போட்ட தாள்ல நீங்களே வழி வரையணும். மருந்தைக் கடைசிவரைக்கும் பதுக்காதீங்க. சத்திரத்துல தங்கினாத்தான் சேவ் ஆகும். முடியலையா, ஓடிடுங்க."

"ஓடுறதா? எங்க குடும்பத்துல அந்தப் பழக்கமே இல்ல!"

"அதான் செத்துக்கிட்டே இருக்கீங்க."

சிரித்துவிட்டாள். பிறகு ஒவ்வொரு மாலையும் அவனிடம் போய்க் கேட்க ஒரு சந்தேகம் முளைத்தது. வேலையில் மனம் நிலைகொள்ளவில்லை. வாடிக்கையாளர் கடைசி வரி எழுத்தைப் படித்து முடித்த பிறகும் "படிங்க" என்றாள். தன் கடையை மூடும்வரை நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை...

ஒருநாள் அவன் கேம் ஆடும் கட்டுப்பாட்டுக் கருவியை நீட்டினான். "எங்க, ஆடிக் காட்டுங்க."

தலைகீழாக வாங்கிப் பிடித்தாள். அவன் கண்களில் சிரிப்பு அணைந்தது.

"இது நீங்க ஆடுற கேம் இல்ல. யாருக்காகக் கேட்கிறீங்க?"

"அதைச் சொல்ல முடியாது."

"வீட்ல பார்த்திருக்கிற மாப்பிள்ளையா?"

'அப்பா' என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது... விழுங்கிவிட்டாள்.

"சரிங்க மேடம். பாலத்துக்குக் கீழ ஒரு படகுக்காரன் இருக்கான், சண்டையே போடாம அக்கரை சேர்த்துடுவான்னு உங்க மாப்பிள்ளைகிட்ட சொல்லிடுங்க. இனிமே நீங்க அலைய வேணாம்."

மேடமாம்! வழியெல்லாம் அந்தச் சொல் குத்திக்கொண்டே வந்தது.

"படகுக்காரனா? பிரமாதம்! வேற என்ன சொன்னான்?" என்றார் அப்பா.

"இனிமே நான் போகமாட்டேன்ப்பா..."

குரல் உடைந்தது. எத்தனையோ சாட்சிகளின் முகத்தைப் படித்தவர் அவர். மகள் முகத்தைப் பார்த்தார், விளையாட்டை அணைத்தார். விடாமல் கேட்டு நடந்ததையெல்லாம் அவள் வாயிலிருந்து வாங்கிக்கொண்டார்.

மறுநாள், கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டையில், அவளையும் அழைத்துக்கொண்டு மெக்கானிக்கின் கடைக்குப் புறப்பட்டார்.

"வேண்டாம்ப்பா, மானம் போயிடும்!"

"மகளை அழவிட்டுக் காப்பாத்துற மானம் எனக்கு எதுக்கு?"

உள்ளே நுழைந்தவர் நிமிர்ந்து நின்றார். "தம்பி, அந்த அரக்கன்கிட்ட தினமும் செத்தது நான்தான். சிரிக்கணும்னா சிரிச்சுக்கோ."

அவன் சிரிக்கவில்லை. பதறி எழுந்து நாற்காலியை நகர்த்தினான். அவர் உட்காராமல், முதுகைக் காட்டியபடி அலமாரிப் பக்கம் நடந்தார்.

"மாப்பிள்ளை இல்லைன்னாவது சொல்லியிருக்கலாமே?" அவளிடம் கிசுகிசுத்தான்.

"அப்போ யாருன்னு கேட்பீங்களே... நீங்க ஏன் அப்படி உடனே முடிச்சுக்கிட்டீங்க?"

"நீங்க ஆமான்னு சொல்லிட்டா... தாங்கமாட்டேன்னு பயமா இருந்துச்சு."

வெளியே தூறல். அவள் மெல்ல நிமிர்ந்தாள். இந்த முறை பார்வையைத் தாழ்த்தவில்லை.

"எனக்கு அந்த கேம் ஒண்ணுமே புரியல. நீங்க சொன்னதுல பாதியை அப்பாகிட்ட சொல்லவே இல்ல... சொல்லிட்டா, மறுபடி உங்களைப் பார்க்க என்ன காரணம் சொல்லி வருவேன்?"

அலமாரிப் பக்கமிருந்து நீதிமன்றக் குரல் எழுந்தது. "பாதியை மறைச்சியா? அதான் கேம்ல ஒரு குகைக்குள்ளயே அத்தனை நாள் சுத்தினேனா!"

அவன் அவரை நோக்கிக் கைகட்டி நின்றான். கண்கள் மட்டும் அவளிடம்...

"மீதியை நானே வீட்டுக்கு வந்து சொல்றேன் சார். கூடவே... இவங்களைக் கட்டிக்கொடுப்பீங்களான்னும் கேட்கணும்."