ஆடாமல் நின்றவள்

அந்த வீட்டை அவன் வாடகைக்குப் பிடித்ததே மொட்டை மாடிக்காகத்தான். சமையலறையில் இரண்டு பேர் சேர்ந்து நின்றால் மூன்றாவது ஆள் மூச்சுவிட முடியாது. குளியலறைக் கதவைப் பாதிதான் சாத்த முடியும். மனைவி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். ஆனால் மாடி ஏறிப் பார்த்ததும் அவனுக்கு வேறெதுவும் கண்ணில் படவில்லை. கிழக்குப் பக்கம் ஒரு கட்டிடம்கூட மறைக்காமல் வானம் திறந்து கிடந்தது.

சாவியைக் கொடுத்தபோது கீழ்வீட்டு உரிமையாளர் அம்மா ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார்.

"துணி காயப்போட்டா போட்ட கையோட கீழ வந்துடணும் தம்பி. மேல நின்னு பேசுறதெல்லாம் வேண்டாம். ரொம்ப நேரம் ஒரே இடத்துல நிக்காதீங்க. பிள்ளைய நிக்கவே விடாதீங்க."

அந்த அம்மா துணி உலர்த்துவதைப் பார்த்தாலே சிரிப்பு வரும். கிளிப் மாட்டும்போதுகூட இந்தக் காலுக்கும் அந்தக் காலுக்கும் மாறிக்கொண்டே இருப்பார். "மாடிக்கும் மீட்டர் போட்டு வச்சிருக்காங்க போல, நின்னா ஓடும்" என்றான் அவன். புது வீட்டுக்கு வந்த பிறகு மனைவி முதன்முதலாகச் சிரித்தது அதற்குத்தான்.

தெருவில் எல்லோருக்கும் அவன் ஸ்டூடியோக்காரன். அடுத்தவர் கல்யாணம், அடுத்தவர் குழந்தை, அடுத்தவர் பாஸ்போர்ட் முகம் என்றே காலம் ஓடிவிட்டது. தன் பேர் போட்டு ஒரு படம் வரவேண்டும் என்ற ஏக்கம் அவனை அரித்துக்கொண்டிருந்தது. சந்திர கிரகணப் படம் நன்றாக வந்தால் அட்டையில் போடுகிறோம் என்று ஒரு பத்திரிகை சொல்லியிருந்தது. சாயங்காலம் நிலா எழும்பும்போதே கிரகணம் பிடித்துச் சிவந்திருக்கும். அதன் கீழே கைப்பிடிச் சுவரோரம் ஒரு சின்னப் பெண் நிற்க வேண்டும். அவன் மகளைத் தவிர வேறு யார் நிற்பார்கள்?

மகளை வீட்டில் வாண்டு என்பார்கள். தூக்கத்தில்கூடக் கைகால் சும்மா இருக்காது. அதுதான் தொல்லை. கிரகணத்தில் நிலா மங்கிவிடுவதால் கேமராவின் கண்ணைச் சில நொடிகள் திறந்தே வைக்க வேண்டும். அதற்குள் அசைந்தது எல்லாம் புகையாக இழுத்துக்கொண்டு போய்விடும். அசையாதது மட்டும் பளிச்சென்று விழும்.

நிலா வந்தது. துருப்பிடித்த தட்டின் நிறம். கீழே வண்டிச் சத்தம் ஏனோ அடங்கிப்போயிருந்தது. காற்றே இல்லை, ஆனாலும் கொடிக்கம்பியில் கிளிப்புகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டிருந்தன. நெடுநாள் மூடிக் கிடந்த பெட்டியைத் திறந்தது போல ஒரு வாடை அடித்தது.

"அப்பா, கால் அரிக்குது."

"அரிக்கட்டும். ஆடாத."

முதல் படத்தில் நிலா அற்புதமாக இருந்தது, மகள் இருந்த இடத்தில் வெறும் புகை. இரண்டாவதும் அப்படித்தான். புகைக்குப் பக்கத்தில் மெலிதாக ஏதோ நேராக நின்றது. தண்ணீர்க் குழாயாக இருக்கும் என்று விட்டுவிட்டான்.

"அப்பா, இங்க யாரோ நிக்கிறாங்க."

"கதை விடாத."

"என் கையைப் பிடிச்சிருக்காங்கப்பா. ஜில்லுனு இருக்கு."

அவனுக்குக் கோபம் தலைக்கேறியது. கிரகணம் இவளுக்காகக் காத்திருக்குமா?

"ஆடாம நின்னாத்தான் கீழ கூட்டிட்டுப் போவேன். ஆடுன, இங்கேயே விட்டுட்டுப் போயிடுவேன், பாத்துக்க."

தேம்பல் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

அடுத்த படத்தில் அவள் முடிக்கற்றை ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. "என் தங்கம்!" என்று கத்தியே விட்டான். மகள் வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். கை சில்லிட்டிருந்தது, பனி என்று நினைத்தான். எப்போதும் இரண்டு இரண்டு படியாகத் தாவுகிறவள் அன்று ஒவ்வொரு படியாக இறங்கினாள்.

சாப்பாட்டில் ஒரு பருக்கைகூடச் சிந்தவில்லை. "என்னடி இன்னிக்கு இவ்வளவு அடக்கம்?" என்று மனைவி அவள் கன்னத்தைக் கிள்ளினாள்.

"நான் சொன்னா கேப்பா" என்றான் அவன் பெருமையாக, கணினியில் படங்களைப் பெரிதாக்கியபடி.

இரண்டாவது படத்தில் இருந்தது குழாய் இல்லை.

மகள் உயரத்தில் ஒரு பெண். துளி அசைவில்லை. நிலாவைப் பார்க்காமல் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசிப் படத்தில் அந்தப் பெண் இல்லை. அவன் மகள் மட்டும், மகளின் கவுனில், மகளின் முகத்தோடு, கல்லாக நின்றாள்.

அவள் பக்கத்தில் ஒரு புகை. அந்தப் புகை கேமராவை நோக்கிக் கையை நீட்டியிருந்தது.

அவன் திரும்பிப் பார்த்தான். மேசையருகே மகள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கண் இமைக்கவில்லை.

கேமராவைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடினான். ஓரத்தில் வெளிச்சம் கீறிக்கொண்டு நிலா விடுபட ஆரம்பித்திருந்தது. சுவரோரம் யாருமில்லை. கேமராவின் கண்ணைத் திறந்து வைத்தான்.

படத்தில் புகை இருந்தது. குதித்துக் குதித்துக் கைகளை ஆட்டும் புகை.

"கண்ணு! அப்பா வந்துட்டேன்டா, வா!" என்று காற்றைத் துழாவினான். கையில் எதுவும் அகப்படவில்லை. சத்தம் கேட்டுப் பாதிப் படி ஏறி வந்த உரிமையாளர் அம்மா, அவனையும் கேமரா நின்ற முக்காலியையும் பார்த்தார். "நிக்க வச்சியா?" என்று கிசுகிசுத்தார். பதிலுக்குக் காத்திருக்காமல், கால் மாற்றி மாற்றி மிதித்தபடியே இறங்கிப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

படம் அட்டையில் வந்தது, கீழே அவன் பேரோடு. மனைவி அதைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினாள். மாடியில் எடுத்த படங்களைக் காட்டி அவன் அழுதபோது, "லென்ஸைத் துடைங்க, ஒரே கறையா இருக்கு" என்றாள். மகள் இப்போதெல்லாம் சொன்ன பேச்சு கேட்கிறாள் என்று அவளுக்கு ஏக நிம்மதி.

வீட்டைக் காலி செய்ய அவன் சம்மதிக்கவில்லை. தினமும் இருட்டியதும் மேலே போகிறான். "ஓடு கண்ணு, குதி, ஆடு, ஆடிக்கிட்டே இரு" என்று சுவரைப் பார்த்துக் கெஞ்சுகிறான். அவன் குரல் அங்கே கேட்பதில்லை போலிருக்கிறது. கடைசியாகக் கேட்டதைத்தான் அந்தக் குழந்தை பிடித்துக்கொண்டிருக்கிறது.

படத்துக்குப் படம் புகை குறைந்துகொண்டே வருகிறது. முதலில் பாதம் தெளிந்தது. பிறகு கவுனின் ஓரம். நேற்றைய படத்தில் கைகள் இரண்டையும் பக்கவாட்டில் ஒட்டிவைத்து, உதட்டைக் கடித்து அழுகையை அடக்கிக்கொண்டு, கீழே கூட்டிப்போகச் சொல்லி அவள் நின்றுகொண்டிருந்தாள்.

உதடு மட்டும்தான் இன்னும் கொஞ்சம் ஆடியிருந்தது.