தண்ணிப் பத்தியம்

வலது கையின் இரண்டு விரல்களில் தொடங்கிய வலி முழங்கை வரை ஏறியபோதுதான் ஆயிஷா உம்மாவுக்கு விழிப்பு வந்தது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும். மகளின் அறைக் கதவோடு ஒட்டிப் போட்ட பன்பாயில் அவள் குப்புறக் கிடந்தாள். கையை இழுத்துக் குப்பி விளக்கின் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அந்த இரண்டு விரல்களும் மொளிக் கணு வரைக்கும் வெளுத்து, தோல் சுருங்கி, தொட்டித் தண்ணீரில் இரவு முழுக்க ஊறிய நெல்லைப் போல உப்பியிருந்தன. மற்ற மூன்று விரல்களும் காய்ந்து கிடந்தன.

ஊறிய கை அவளுக்குப் புதிதில்லை. கல்முனைக்குடியில் நெல் வாங்கி, ஊறப்போட்டு, பீப்பாவில் அவித்து, முற்றத்தில் காயவைத்து மில்லுக்குக் கொடுத்தே வயிறு கழுவுகிறவள். ஆனால் மாரி மழை விடாமல் அடித்ததில் இரண்டு நாளாக அவள் நெல்லைத் தொடவில்லை. தண்ணீரில் கைவைத்தது தொழுகைக்கு ஒளு எடுக்க மட்டும்தான். ஒளு எடுத்தால் முழுக் கையும் நனையும். இரண்டு விரல் மட்டும் ஊறாது.

விரல்களை மூக்கருகே கொண்டுபோனாள். புளித்த கஞ்சி மணத்தது.

கதவின் அடிப்பலகையைக் கறையான் தின்று, ஒரு கை நுழையும் அளவுக்கு இடைவெளி விழுந்திருந்தது. தூக்கத்தில் கை அதற்குள்ளே போயிருக்கும், உள்ளே கூரை ஒழுகியிருக்கும் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்டு, பாயைக் கதவிலிருந்து ஒரு முழம் தள்ளிப் போட்டாள்.

பூட்டிய அறைக்குள் இருந்தது அவளுடைய ஒரே மகள் றுகையா.

றுகையாவின் வாப்பா ஸைனுலாப்தீன் தொண்ணூறாம் ஆண்டில் வயலுக்குப் போனவன் திரும்பவில்லை. அடக்குவதற்கு மையித்தும் வரவில்லை. பெண்ணைக் கட்டிக் கொடுக்கச் சீதனமாக வீடு வேண்டும் என்பதால் ஆயிஷா உம்மா அவனை நினைத்து அழுததை விடக் கல் அடுக்கியதுதான் கூட. நீராவி அடித்து இரண்டு கைகளும் வெந்து வெள்ளைத் தழும்பாகிப் போன பிறகு, இரண்டு அறையும் ஒரு குசினியுமாக வீடு எழும்பி நின்றது. மாப்பிள்ளைதான் நிற்கவில்லை. றுகையா பருத்த பெண். முதலில் பார்க்க வந்தவர்கள் தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு எழும்பிப் போனார்கள். இரண்டாவதாக வந்தவர்கள் அதையும் குடிக்கவில்லை.

மூன்றாவது, கட்டாரிலிருந்து லீவில் வந்திருந்த ஜெஸீம். அவனுடைய தாய் வந்து, ஹஜ்ஜுப் பெருநாளைக்கு மாடு பார்க்கிற ஆட்களைப் போல றுகையாவின் புயத்துச் சதையை இரண்டு விரலால் பிடித்து உருட்டிப் பார்த்தாள். பிறகு பையிலிருந்து ஒரு சட்டையை எடுத்து மடியில் விரித்தாள். கூறைச் சாரிக்குப் போட, மின்னும் நூல் வைத்துத் தைத்த சிவப்புச் சட்டை.

"இது எங்கட மூத்த மருமகள்ட அளவு. புள்ள இதுக்குள்ள அடங்கினாப் போதும். மத்த ஒண்டும் நாங்க கேக்க மாட்டம்."

ஜெஸீமின் லீவு முடிவதற்குள் வந்து பார்ப்பதாகச் சொல்லிவிட்டுப் போனாள். ஆயிஷா உம்மா அந்தச் சட்டையை மகளின் அறையில் ஆணியில் மாட்டினாள், பார்த்துப் பார்த்துக் குறையட்டும் என்று. அடுத்த நாளே கிட்டங்கித் தாம்போதிப் பாலத்தைத் தாண்டிச் சொறிக்கல்முனைக்குப் போய், வேலப்போடிப் பரிசாரியின் வாசலில் மகளோடு நின்றாள். குடலைக் கழுவி, சோறு கறி ஒன்றும் இல்லாமல் தண்ணியிலேயே வைத்து ஊத்தையையும் கொழுப்பையும் இறக்குகிற பத்தியம் அவர் கைவசம் என்று மில்லில் பேச்சு. அவர் றுகையாவின் நாடியைப் பிடித்துப் பார்த்து, பேதிக்கு ஒரு தூளும் கொடுத்து, கஞ்சித்தண்ணியும் இளநீரும்தான் என்றார். மூன்று நாள். நாலாம் நாள் காலையில் குழைந்த சோறு கொடுத்து நிறுத்திவிட வேண்டும். நடுவில் தலை சுற்றினால் அன்றைக்கே நிறுத்த வேண்டும்.

இன்னும் கொஞ்ச நாள் கூட்டிப் பிடித்தால் என்ன என்று அவள் கேட்டாள். அவர் அவளுடைய வெந்த கைகளைப் பார்த்தார்.

"நெல் அவிக்கிற பிள்ளதானே நீ. தண்ணி வத்தின பீப்பாவுக்குக் கீழ நெருப்ப விடுவியா?"

"விட மாட்டன் பரிசாரியார்."

"அவ்வளவுதான்."

மூன்று நாளும் றுகையா சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். கண்ணாடியில் கன்னத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நாலாம் நாள் காலையில் சட்டையைப் போட்டபோது கை நுழைந்தது, மார்பு பொருந்தவில்லை. கொக்கிக்கும் துளைக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளி. அந்த நாலு விரலைத்தான் ஆயிஷா உம்மா பார்த்தாள். மகளின் உதடு வெடித்திருந்ததைப் பார்க்கவில்லை. பரிசாரியிடம் போய்க் கேட்கலாம் என்று றுகையா சொன்னதற்கு, தாம்போதிக்கு மேலால் வெள்ளம் பாய்கிறது என்றாள். தோணி ஓடியது. அது அவளுக்குத் தெரியும்.

அன்று மத்தியானம் குசினியில் சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தாள். சட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு பிடி சோறு வாய்க்குள் அடைத்தபடி, மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் றுகையா நின்றாள். கண்ணில் தண்ணீர் வழிந்தது. ஆயிஷா உம்மா இடது கையால் இரண்டு கன்னங்களையும் அமுக்கி வாயைப் பிளந்தாள். வலது கையின் இரண்டு விரல்களைத் தொண்டை வரை விட்டுச் சோற்றைத் தோண்டி எடுத்தாள். பல்லு முரசு கிழிந்து சோறு சிவப்பாக வந்தது. பிறகு நெல் கிண்டுகிற துடுப்பை எடுத்து, காம்பு முறிகிற வரைக்கும் முதுகில் அடித்தாள். தோண்டிய சோற்றைக் கோழிகள் சண்டை பிடித்துத் தின்றன.

றுகையா வாயைத் துடைத்துக்கொண்டு கோழிகளையே பார்த்தாள்.

"அது என்ட வாய்க்குள்ள போன சோறு உம்மா. அத நீங்க எனக்குத் தரோணும்."

"கலியாணத்தண்டைக்கித் தாறன். வயிறு வெடிக்கத் தின்னு."

"வேற சோறு வேணாம். அந்தப் புடியத்தான் தரோணும்."

அன்றைக்குப் போட்ட பூட்டுத்தான். திறந்தால் மனம் இளகிச் சோறு கொடுத்துவிடுவோம் என்று பயந்து, கஞ்சித்தண்ணியையும் இளநீரையும் கோப்பையில் ஊற்றிக் கதவின் அடியால் தள்ளினாள். முதலில் றுகையா கத்தினாள், ஏசினாள், கதவைப் பிராண்டினாள். நெல் அவிக்கிறபோது, அந்தச் சூடான மணம் வீடு முழுக்கப் பரவி நிற்கிற நேரத்தில், கதவின் அடியில் மூக்கை வைத்து நாயைப் போல மோந்து மோந்து இழுக்கிற மூச்சு அடுப்படி வரைக்கும் கேட்டது. ஆயிஷா உம்மா அடுப்பில் விறகைத் தட்டிச் சத்தம் போட்டு அதைக் கேட்காமல் இருந்தாள். பிறகு ஒருநாள் அந்த மூச்சும் நின்றுவிட்டது. கோப்பை நிரம்பியபடியே திரும்பி வந்தது. மேலே ஆடை கட்டிய கஞ்சி, ஒரு துளி குறையாமல், கதவின் அடியால் மெல்ல, மெல்ல வெளியே தள்ளுப்பட்டு வந்தது.

"வேணாம் உம்மா" என்றது உள்ளே குரல்.

பழகிவிட்டாள் என்று ஆயிஷா உம்மா அல்ஹம்துலில்லாஹ் சொன்னாள்.

ஆனால் அன்றிலிருந்து இருட்டியதும் ஒரு சத்தம் தொடங்கியது. காய்ந்ததா என்று பார்க்க நெல்லைப் பல்லில் வைத்துக் கடித்தால் வருமே, அந்த 'டிக்'. மழை ஓட்டில் இரைகிற இரைச்சலுக்கு உள்ளேயும் அது தனியாகக் கேட்டது. ஒன்று. நிறுத்தம். இன்னொன்று. அறைக்குள் நெல் இல்லை. தின்ன எதுவுமே இல்லை. எலி என்று நினைத்துப் பார்த்தாள். எலி நிறுத்தி நிறுத்தி, ருசி பார்த்துக் கடிக்காது.

விரல் ஊறிக் கிடந்த இந்தக் காலையும் அந்த நாட்களில் ஒன்றுதான். இன்றைக்குத்தான் அஸர் தொழுகைக்குப் பிறகு ஜெஸீமின் தாய் பெண்களோடு வருகிறாள்.

பகல் முழுக்க ஆயிஷா உம்மா ஓடி ஓடி வேலை செய்தாள். வருகிறவர்களுக்கு நெய்ச்சோறு ஆக்கினாள். ஏலமும் றம்பை இலையும் நெய்யில் பொரிந்த மணம் அறைக் கதவு வரை போய் நின்றது. மோந்து இழுக்கிற மூச்சுக்காக அவள் காது கொடுத்தாள். மழை மட்டும்தான். முந்தானையில் முடிந்த பூட்டுத் திறப்பு நடக்கிற ஒவ்வொரு தடவையும் தொடையில் தட்டியது. இரண்டு தடவை கதவுக்குக் கிட்டப் போய்த் திரும்பி வந்தாள். பெற்ற பிள்ளையின் கதவைத் திறக்க அவளுக்குக் கை கூசியது.

மத்தியானம் லுஹருக்கு வைத்த கோப்பை, அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெளியே வந்தது. நிரம்பியபடி. கஞ்சி ஆடையில் எறும்புகள் ஒட்டிச் செத்திருந்தன. தள்ளிய விரல்களை அவள் ஒரு கணம் கண்டாள். நகங்கள் நாவற்பழ நிறம்.

அவள் குந்தி, வாயைக் கதவருகே வைத்தாள்.

"புள்ள. இண்டைக்கித் தொறக்கன். சோறு தாறன்."

பிறகு மிகக் கிட்ட, பலகைக்கு அந்தப் பக்கம், அவளுடைய காதின் உயரத்திலேயே:

"எந்தச் சோறு?"

ஒனக்குரிய சோறுதான் என்றாள் ஆயிஷா உம்மா.

"கையால கொண்டாங்க."

நெய்ச்சோற்றை எடுக்காமல், தனக்கென்று ஆக்கிவைத்திருந்த வெள்ளைச் சோற்றில் ஒரு பிடி அள்ளினாள். அன்றைக்கு மகளின் வாயிலிருந்து எடுத்ததும் வெள்ளைச் சோறுதான். இடது கையால் திறப்பைப் போட்டாள். பூட்டு விழுந்தது. கதவு தடையில்லாமல் உள்ளே போனது.

மணம் முதலில் வந்தது. அவித்து, மூடி திறக்காமல், நாள்பட விட்ட நெல்லின் மணம்.

கதவடியில் யாரும் இல்லை.

றுகையா எதிர்ச் சுவரின் மூலையில், கதவிலிருந்து எட்ட முடியாத தூரத்தில், முழங்காலை மடித்துக்கொண்டு இருந்தாள். சிவப்புச் சட்டை போட்டிருந்தாள். அதற்குள் இன்னொரு ஆள் அடங்கலாம். கன்னம் இல்லை. கழுத்தெலும்புக்கு மேலே கிண்ணம் போலக் குழிந்திருந்தது. கண் திறந்திருந்தது, கண்ணின் ஓரத்தில் எறும்பு. வாயும் திறந்திருந்தது.

ஆயிஷா உம்மா காலைத் தொட்டாள். குளிர். மடக்கிய முழங்கால் விறைத்து, விறைப்பு விட்டும் போயிருந்தது. எத்தனையோ மையித்தைக் குளிப்பாட்டியவள் அவள். இது இன்றைக்குப் போன உயிரில்லை. நேற்றைக்குப் போனதும் இல்லை.

கோப்பை இப்போதுதானே வந்தது.

வெளியே வேன் ஒன்று வந்து நின்றது. குடை விரிகிற சத்தம். பெண்களின் சிரிப்பு.

ஆயிஷா உம்மா மகளின் பக்கத்தில் குந்தினாள். சோற்றுக் கையைத் திறந்த வாய்க்குக் கொண்டுபோனாள்.

"தின்னு, புள்ள."

இரண்டு விரலால் தள்ளினாள். உதடு குளிர். நாக்கு குளிர். இன்னும் கொஞ்சம் உள்ளே.

பல் விழுந்தது.

மொளியில்.

இழுத்தாள். வரவில்லை. சோறு சிதறியது. மடியில், தரையில். இழுத்தாள். மையித்தின் தலை கையோடு முன்னுக்கு வந்தது. அதைச் சுவரில் மோதினாள். மறுபடியும் மோதினாள். மண்டை இடித்த சத்தம் கேட்டது. பிடி விடவில்லை. இடது கையால் இரண்டு கன்னங்களையும் அமுக்கினாள். அன்றைக்குத் திறந்த வாய். இன்றைக்குத் திறக்கவில்லை. எறும்பு ஊர்ந்த கண்கள் அசையாமல் அவளையே பார்த்தன.

டிக்.

நிறுத்தம்.

டிக்.

கை லேசானது. ஆயிஷா உம்மா பின்னுக்கு விழுந்தாள். வலது கையில் மூன்று விரல்கள் இருந்தன. மற்ற இரண்டின் இடத்தில் வெள்ளையாக எலும்பு தெரிந்தது, பிறகு சிவப்பு வந்து மூடியது.

கதவடியில் நின்ற ஜெஸீமின் தாய் சொல்ல வந்த ஸலாம் பாதியில் நின்றது.

மூலையில் றுகையாவின் தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது. வாய் மறுபடியும் திறந்தது. அகலமாக. சோறு முழுக்கத் தரையில் கிடந்தது. ஒரு பருக்கையும் உள்ளே போகவில்லை. அந்த ஒரு பிடி சோறு இன்னும் கடன்தான்.