சோத்னோமின் ஆட்டுத்தோல் அங்கி

விறைத்துப்போன கன்றைத் தூக்கிக்கொண்டு கொம்போ கூடாரத்துக்குள் வந்தபோது மதியம்தான். ஆனாலும் வெளியே பனிப்புயலில் வானம் எது, தரை எது என்று தெரியவில்லை. அவர் மனைவி ஹாண்டா அடுப்பில் வறட்டியை அள்ளிப் போட்டாள், சாக்குத்துணியால் கன்றின் உடம்பைத் தேய்தேயென்று தேய்த்தாள், வாய்க்குள் விரல் விட்டுப் பார்த்தாள். நாக்கு சில்லிட்டிருந்தது.

"விட்டுடு ஹாண்டா. செவலை ஈன்ன உடனே தூக்கிட்டு வந்திருக்கணும். நான் பாவி, கறுப்பிகிட்ட மாட்டிக்கிட்டேன்."

கறுப்புப் பசு கன்றைப் போட்டுவிட்டுச் செத்துப்போயிருந்தது. அதன் கன்று அடுப்போரம் நடுங்கிக்கொண்டிருந்தது. என்ன செய்ய வேண்டும் என்று இருவருக்கும் தெரியும். கொம்போ செத்த கன்றின் தோலை உரித்து, தாயில்லாக் கன்றின் முதுகில் போர்த்திக் கயிற்றால் கட்டினார். தொழுவத்துக்குக் கொண்டுபோய், கன்றைப் பறிகொடுத்த செவலைப் பசுவிடம் விட்டார்கள்.

செவலை முகர்ந்தது. பின்வாங்கியது. மறுபடி முகர்ந்தது.

"ரொம்ப பிகு பண்ணாத மகாராணி. உன் புள்ளதான்," என்றார் கொம்போ.

செவலை அசையாமல் நின்று மடியைக் கொடுத்தது.

"ஏமாந்துடுச்சு. பழகுற வரைக்கும் இருக்கட்டும், அப்புறம் தோலைக் கழட்டிடலாம்."

"ஏமாறலீங்க. அது கண்ணப் பாருங்க," என்றாள் ஹாண்டா. "தெரிஞ்சேதான் குடுக்குது."

கொம்போ கன்றின் முதுகுக் கயிற்றைச் சரிசெய்தார். போன வருடம் இதே மாதிரி ஒரு புயலில்தான், வழி தவறிய சினைப்பசுவைத் தேடி அவர்கள் மகன் சோத்னோம் போனான். புயல் ஓய்ந்தபின் வெறும் சட்டையோடு பிணமாகக் கிடைத்தான். பக்கத்தில் பசு நின்றது, ஈன்ற அடையாளத்தோடு. பிறந்த கன்றுக்குத் தன் அங்கியைப் போர்த்தியிருக்கிறான், பைத்தியக்காரப் பிள்ளை. கன்றும் கிடைக்கவில்லை, அங்கியும் கிடைக்கவில்லை. கழுத்துப்பட்டைக்கு நீலத்துணி வைத்து ஹாண்டா தைத்த அங்கி அது. அந்த அங்கியாவது கிடைத்திருந்தால் முகத்தைப் புதைத்து அழுதிருப்பேனே என்று வருடம் முழுக்கப் புலம்பியிருக்கிறாள்.

கொம்போவைத் தொழுவத்தில் விட்டுவிட்டு, புயலில் வழி தவறாமலிருக்கத் தொழுவத்திலிருந்து கூடாரம்வரை கட்டியிருந்த கயிற்றைப் பிடித்தபடியே ஹாண்டா திரும்பிப் பால் காய்ச்சினாள்.

கதவின் கீழ்ப்பக்கம் ஏதோ உரசியது.

நாய் குரைக்கவில்லை.

மறுபடியும் உரசல்.

"யாரு?"

"அம்மா... குளிருது."

கதவைத் திறந்தாள். வெள்ளை இருட்டில், அவள் இடுப்பு உயரத்துக்கு அந்த அங்கி நின்றது. நீலக் கழுத்துப்பட்டை. அதற்கு மேலே முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை. வாசல்பனியில் அது வந்த தடம் இருந்தது.

பிளந்த, சின்னக் குளம்புத் தடம்.

மகனின் பிணத்தை, அவர்கள் வழக்கப்படி, மலைச்சரிவில் தன் கையாலேயே கிடத்தியவள் அவள். இது அவன் இல்லை. சாத்திவிடு, சாத்திவிடு என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. சாத்தாமல் குனிந்தாள். கழுத்துப்பட்டையை முகர்ந்தாள். வறட்டிப் புகையும் அவன் கழுத்து வியர்வையும், அப்படியே இருந்தன.

பின்வாங்கினாள்.

மறுபடி முகர்ந்தாள்.

"உள்ள வா கண்ணு."

கொம்போ வந்தபோது அங்கி அடுப்போரம் சுருண்டு கிடந்தது. அதற்குள்ளிருந்து பால் உறிஞ்சும் சத்தம் வந்தது. அவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"என்னது அது?"

"மெதுவாப் பேசுங்க. இப்பதான் குடிக்குது."

நீலத்துணியைப் பார்த்தார். பயம் வந்தது. அழுகையும் வந்தது. அடுப்புக்கு இன்னும் நாலு வறட்டி எடுத்துப் போட்டார்.

புயல் ஓய்ந்து, வெயில் வந்தது. கன்றின் மேல் கட்டிய தோல் நாறத் தொடங்கியதும் கொம்போ கயிற்றை அறுத்து அதை எடுத்தார். செவலை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, கன்றை நக்கிக்கொண்டேயிருந்தது. அவர் கத்தியோடு கூடாரத்துக்குள் வந்து, அடுப்போரம் பார்த்தார்.

"ஹாண்டா, இதையும் கழட்டிடலாமா?"

அவள் பாலில் விரல் நனைத்து அங்கிக்குள் நீட்டினாள். உள்ளிருந்து ஒரு நாக்கு அதைச் சப்பியது. அடுப்போரமே கிடந்தும் அது சில்லிட்டிருந்தது.

"இன்னும் கொஞ்ச நாள் போகட்டுங்க," என்றாள். "எனக்கு இன்னும் பழகல."