கட்டைக் குரலுக்கு ஒரு பாட்டு

"மாட்டேன் மிஸ்!" என்றாள் பட்டாசு.

வகுப்பே திரும்பிப் பார்த்தது. எதையும் படாரென்று சொல்லிவிடுவதால்தான் அவளுக்கு அந்தப் பட்டப்பெயர். ஆனால் பாட்டு மிஸ்ஸிடமே வெடிப்பாள் என்று யாரும் நினைக்கவில்லை.

பள்ளி விழாவுக்காக அவள் வீட்டுக் கம்ப்யூட்டரில் மிடி இசை ஒன்று செய்திருந்தாள். அதற்குப் பாட்டு எழுதியது அவள் தோழி. பாடப்போவதும் தோழிதான். மிஸ்ஸுக்கு இசை பிடித்தது. தோழியின் குரல்தான் பிடிக்கவில்லை.

"கட்டைக் குரல். மேலே எட்டவே மாட்டேங்குது. வேற யாராவது பாடட்டும்."

"அவ பாடலைன்னா என் இசையும் கிடையாது மிஸ்."

"நாளைக்குள்ள யோசிச்சுச் சொல்லு!"

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் தோழி மூக்கை உறிஞ்சினாள். "நானே விலகிக்கறேன்டி."

"நீ ஏன் விலகணும்? பாட்டுதானே உசரத்துல இருக்கு? அதை இறக்கிடுவோம்!"

"இறக்கினா பாட்டு மெதுவா இழுக்காதா?"

"இழுக்காது. மிடிக்குள்ள சத்தமே கிடையாது. எந்தச் சுரத்தை எப்ப வாசிக்கணும்னு குறிப்பு மட்டும்தான் இருக்கும். கம்ப்யூட்டர் அதைப் பார்த்து வாசிக்கும்."

வீட்டில் கம்ப்யூட்டரைத் திறந்தார்கள். திரையில் சுரங்கள் குட்டிக் குட்டிக் கட்டங்களாக நின்றன. பட்டாசு எல்லாவற்றையும் சேர்த்துக் கீழே இழுத்துவிட்டு, ஓடவிட்டாள். புல்லாங்குழல் அழகாக இறங்கியது. ஆனால் டிரம்ஸ் "டிக்! டிங்! கிரீச்!" என்றது.

தோழி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "பாத்திரம் உருளுதுடி!"

பட்டாசு திரையை உற்றுப் பார்த்தாள். டிரம்ஸ் பகுதியில் ஒவ்வொரு படியும் ஒரு தனி வாத்தியம். படி மாறியதால் வாத்தியமே மாறிவிட்டது. டிரம்ஸை மட்டும் பழைய இடத்துக்கே ஏற்றினாள். "இப்பப் பாடு!"

மறுநாள் மிஸ் முகம் சுளித்தார். "ஒருத்திக்காகப் பாட்டையே மாத்துவாங்களா?"

"மாத்தியாச்சு மிஸ். கேட்டுட்டு அப்புறம் திட்டுங்க."

இசை ஒலித்தது. தோழி கண்ணை மூடிக்கொண்டு பாடினாள். அந்தக் கட்டைக் குரல் அறை முழுக்க நிறைந்தது. பின்வரிசைக் குறும்புக்காரர்கள்கூட வாயை மூடிக்கொண்டார்கள்.

பாட்டு முடிந்ததும் மிஸ் தோழியைப் பக்கத்தில் அழைத்தார். "மேடையில நீயே பாடு," என்றார். "ஆனா மைக்கை விட்டுக் கொஞ்சம் தள்ளி நில்லும்மா. ஜன்னலே அதிருது!"

"தள்ளி நிக்கமாட்டேன் மிஸ்," என்றாள் தோழி. "ஜன்னலைத் திறந்து வைக்கச் சொல்லுங்க!"