போயிட்டு வரேன்

அந்தக் கதவின் வாசற்படியில் பூசியிருந்த மஞ்சள் இன்னும் ஈரமாக இருந்தது. தொட்டுப் பார்த்த சுலோசனாவின் விரலில் ஒட்டிக்கொண்டது. சுவர் கிடையாது, வீடு என்று சொல்லிக்கொள்ள ஒரு செங்கல்கூடக் கிடையாது, கோடவுனின் நட்டநடுவில் கட்டையை முட்டுக்கொடுத்து நிறுத்தியிருக்கும் பழைய கதவு. அதற்குப் போய் இந்த மத்தியானத்தில் யார் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தார்கள் என்று அவளுக்குப் புரியவில்லை. கடைக்காரருக்குப் பக்தி அதிகம் போலிருக்கிறது என்று நினைத்து விரலைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டாள்.

மைசூரில் கூட்ஸ் ஷெட்டுக்குப் பின்னால் இருக்கும் அந்தத் தெரு முழுக்க ஒரு காலத்தில் புளி மண்டிகள். வியாபாரம் படுத்த பிறகு ஒவ்வொரு கோடவுனிலும் ஒவ்வொரு கிறுக்கு குடியேறிவிட்டது. ஒருவர் வட்டவட்டமான சீட்டுகளில் தசாவதாரம் வரைந்து விற்றார். ஒரு பெண் பழைய சைக்கிள் மணிகளைக் கோத்துத் தோரணமாகத் தொங்கவிட்டிருந்தாள். அதைத் தட்டாமல் எந்தக் குழந்தையும் தாண்டிப் போகாது. இன்னொரு கடையின் ஷட்டரில் ஆளுயர யானை. ஷட்டரை ஏற்றினால் யானை காலிலிருந்து சுருண்டு மேலே போய்விடும். சௌம்யா அதைத் திரும்பத் திரும்ப ஏற்றி இறக்கச் சொல்லி அந்தக் கடைக்காரனின் பிராணனை வாங்கிவிட்டாள்.

சௌம்யாவுக்கு ஆறு வயது. இனி இல்லை என்று டாக்டர்கள் கைவிரித்த பிறகு பிறந்த பெண். வெளியே வந்தால் சுலோசனா அவள் கையை விடமாட்டாள், கடைத்தெருவில் புடவை நழுவினாலும் மற்றக் கையால்தான் சரிசெய்துகொள்வாள். "ரெண்டு கையையும் சேத்துத் தெச்சுடு" என்று கணவன் ரவிக்குமார் கேலி செய்வான். செய்துவிட்டுப் போகட்டும். அவனுக்கென்ன, பெற்றவளுக்குத்தானே தெரியும்.

ஊருக்கு வெளியே அவர்கள் கட்டிக்கொண்டிருந்த வீட்டுக்குத் தலைவாசல் கதவு மட்டும் பழைய தேக்காக இருக்க வேண்டும் என்பது ரவிக்குமாரின் ஆசை. அவனுக்கு ஞாயிற்றுக்கிழமையும் ஷிஃப்ட். அதனால்தான் மகளையும் இழுத்துக்கொண்டு இவள் வந்திருந்தாள். தெருவின் கடைசியில் இருந்தது கதவுக் கடை. இடித்த வீடுகளின் கதவுகளை நிலையோடு பெயர்த்து வந்து, ஒன்றன்பின் ஒன்றாகக் கோடவுனின் கடைசிச் சுவர்வரை நிறுத்தியிருந்தார்கள். முதல் கதவில் நின்று பார்த்தால், ஒருக்களித்திருந்த கதவுகளுக்கு நடுவே வாசலுக்குள் வாசலாகப் போய், கடைசியில் சாக்குப்பை அளவுக்கு ஒரு இருட்டு தெரிந்தது. சுவர்களில் ஊறிப்போன புளி வாசனையும் மரத்துக்குப் போட்ட எண்ணெய் வாசனையும் கலந்து தொண்டையைக் கரித்தன. காற்று அசையவில்லை. ஆனாலும் எங்கோ உள்ளே ஒரு கீல், யாரோ தூக்கத்தில் புரண்டு படுப்பதுபோல, அவ்வப்போது முனகியது.

"மேடம், ஒண்ணு சொல்றேன், தப்பா நெனச்சுக்கபேடி" என்றார் கடைக்காரர் மஞ்சுநாத், கன்னடம் கலந்த தமிழில். நரைத்த மீசை, முகத்தில் சிரிப்பே இல்லை. "கெளம்பறப்ப ஹோக்தினி அந்த்த சொல்லுங்க. போறேன். அஷ்டே, அவ்வளவுதான். வரேன் கிரேன் எல்லாம் இங்க பேடா, வேணாம்."

சுலோசனாவுக்குச் சுருக்கென்றது. "என்னங்க இது, புது வீட்டுக்குக் கதவு பாக்க வந்த எடத்துல அபசகுனமா பேசறீங்க?"

"எல்லாம் இடிச்ச மனைக் கதவு மேடம். வரேன்னு சொல்லிட்டுப் போனவங்க யாரும் வரல்ல. இதுங்களுக்கு அது கொத்தில்ல, தெரியாது. யார் சொன்னாலும் நம்பிக்கும்."

மனுஷனுக்கு மறை கழன்றுவிட்டது என்று அவள் முடிவுகட்டினாள். 'போறேன்' என்று சொல்லிவிட்டுக் கிளம்பும் வழக்கம் ஹனூரில் அவள் பிறந்த வீட்டிலும் கிடையாது, புகுந்த வீட்டிலும் கிடையாது. ஸ்கூல் ஆட்டோவில் ஏறும்போது சௌம்யா கன்னடத்தில் 'ஹோக்தினி' என்று கத்தினால்கூட, இறக்கிச் சரியாகச் சொல்ல வைத்துத்தான் அனுப்புவாள்.

மழை தொடங்கியது. தகரக் கூரையில் யாரோ புளியங்கொட்டையை அள்ளி வீசியதுபோல் ஒரு சத்தம். வெளியே கிடந்த மரச் சட்டங்களுக்குத் தார்ப்பாய் போட மஞ்சுநாத் ஓடினார். உள்ளே வெளிச்சம் சட்டென்று மங்கியது. அந்த நேரம் பார்த்து ரவிக்குமார் போனில் கூப்பிட்டு, கதவைப் படமெடுத்து அனுப்பு என்றான். படமெடுக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது. அவள் சௌம்யாவின் கையை விட்டாள்.

விட்டதுதான் தாமதம், பிள்ளை முதல் கதவின் படியில் குதித்து ஏறி நின்றது. "அம்மா, நான் ஹோக்தினி!"

"ஏ சாமி, போறேன்னு சொல்லக் கூடாதுன்னு எத்தன வாட்டி சொல்லீருக்கறேன்? போயிட்டு வரேன்னு சொல்லோணும்." போன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், வாய்ப் பழக்கத்தில், சொல்லிவிட்டாள்.

சொன்ன பிறகுதான் மஞ்சுநாத் சொன்னது நினைவுக்கு வந்து போனிலிருந்து நிமிர்ந்தாள்.

"போயிட்டு வரேன்!" என்றது பிள்ளை, சமர்த்தாக. கதவைத் தள்ளிக்கொண்டு அந்தப் பக்கம் போனது. அடுத்த கதவு. "போயிட்டு வரேன்!" அதற்கடுத்தது. விளையாட்டு பிடித்துவிட்டது. ஒவ்வொரு படியிலும் நின்று, ஒவ்வொரு கதவிடமும் சொல்லி, கொலுசு குலுங்க, தூரம் போகப் போகக் குரல் சிறுத்துக்கொண்டே போயிற்று.

"சௌமி, போதும். வா."

கடைசிக் கதவு கிரீச்சிட்டது. பிறகு கொலுசுச் சத்தம் இல்லை. மழை மட்டும்.

"சௌமி!"

அவள் ஓடினாள். ஒரு படி தடுக்கியது, முழங்கால் இடித்தது, எழுந்து ஓடினாள். கடைசிக் கதவை இழுத்துத் திறந்தாள். பின்னால் சுவர். வெறும் சுவர். கையால் தடவிப் பார்த்தாள். புளி பிசுபிசுத்தது. ஒரு எலி போகவும் இடமில்லை.

"அம்மா, வந்துட்டேன்."

குரல் அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. முதல் கதவின் பக்கத்திலிருந்து. அப்பாடா என்று உயிர் வந்தது அவளுக்கு. அங்கே, முதல் படியில், சௌம்யா நின்றிருந்தாள். அதே பச்சைக் கவுன். விழுந்த முன்பல். சுலோசனா கதவுகளுக்கு வெளியே, சுவரோரமாகவே ஓடிப் போய் அந்தக் கையைப் பற்றினாள். பற்றி, நசுக்கிவிடுகிற மாதிரி இறுக்கிக்கொண்டாள். அழுகை முட்டியது.

"அம்மா, வந்துட்டேன்."

கையில் இருந்த பிள்ளை வாயைத் திறக்கவில்லை.

சுலோசனா நிமிர்ந்தாள். இரண்டாவது கதவு திறந்திருந்தது. படியில் பச்சைக் கவுன். முன்பல் இல்லை. அதே சிரிப்பு.

"அம்மா, வந்துட்டேன்." மூன்றாவது கதவு.

வாசலில் மஞ்சுநாத் நனைந்து நின்றார். கையில் தார்ப்பாய் அப்படியே இருந்தது. "எல்லாக் கதவுகிட்டயும் சொல்லிடுச்சா மேடம் பாப்பா?" அவர் குரல் கேட்கவே இல்லை, உதடு அசைந்ததை வைத்துத்தான் அவளுக்குப் புரிந்தது. தலையாட்டினாள். அவர் இரண்டு கையையும் கூப்பினார். கும்பிட்டபடியே பின்னால் நகர்ந்தார். மழைக்குள் போய்விட்டார்.

கீல்கள். ஒன்றன்பின் ஒன்றாக. வந்துட்டேன். வந்துட்டேன். வந்துட்டேன். ஒவ்வொரு படியிலும் ஒரு சௌம்யா, வலது கையை நீட்டிக்கொண்டு, பிடித்துக்கொள்வாள் அம்மா என்று.

என் பிள்ளை எது? அவள் கண்கள் வரிசையில் ஓடின. ஜடை. கொலுசு. முழங்காலில் தழும்பு. எல்லாம் சரி. எல்லோருக்கும் சரி. கடவுளே, எது?

அப்போது பார்த்தாள். கடைசிக் கதவில் இருப்பவள் கையை நீட்டவில்லை. மற்றவர்களைப் பார்த்து மிரண்டு, நிலையைக் கட்டிக்கொண்டு, உதடு பிதுங்கி, அழுதுகொண்டிருந்தாள். சத்தமில்லாத அழுகை. பயந்தால் சௌமி அப்படித்தான் அழுவாள்.

"அங்கயே இரு சாமி, அம்மா வந்துட்டேன்" என்று சுலோசனா ஒரு அடி எடுத்து வைத்தாள்.

எல்லாத் தலைகளும் திரும்பின. அவள் யாரைப் பார்க்கிறாள் என்று பார்த்தன. சிரிப்பு நின்றது.

இரண்டாவது கதவில் இருந்தவள் உதட்டைப் பிதுக்கினாள். பிறகு மூன்றாவது. பிறகு அடுத்தது. நீட்டிய கைகள் மடங்கி நிலைகளைக் கட்டிக்கொண்டன. கன்னங்களில் கண்ணீர் இறங்கியது, வரிசையாக, கடைசிவரை.

அவள் கைக்குள் இருந்த சின்ன விரல்கள் மெல்ல நடுங்க ஆரம்பித்தன.